பக்கத்து மனையில் மாடி ஏறிக்கிட்டே போகுதா? எப்போ, யாரிடம், எப்படிக் கேட்கணும்?

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் குடியிருக்கிறவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. பழைய தனி வீடு ஒன்றை இடிப்பாங்க, பச்சை வலை கட்டுவாங்க, கொஞ்ச மாதத்தில் அங்கே அடுக்குமாடி நிற்கும். "ரெண்டு மாடின்னுதானே சொன்னாங்க, இது என்ன நாலாவது தளம்?" என்று தெருவே முணுமுணுக்கும். ஆனால், வாய்விட்டுக் கேட்க ஆள் இருக்காது. கேட்கிறவர்களும் பெயின்ட் அடித்து முடித்த பிறகுதான் கேட்பார்கள்.

கட்டட விதிமீறலைப் பொறுத்தவரை, எப்போது கேட்கிறோம் என்பதுதான் முக்கியம். தூண் எழும்பும்போது நிறுத்துவது சுலபம். ஆள் குடியேறிய பிறகோ, கடை திறந்த பிறகோ இடிக்க வைப்பது ரொம்பக் கஷ்டம். இதற்கு தி.நகரைவிடப் பெரிய உதாரணம் வேண்டாம்.

தி.நகர் சொல்லும் பாடம்

2008 செப்டம்பரில் ரங்கநாதன் தெருவில் பெரிய கடை ஒன்றில் தீப்பிடித்து, ஊழியர்கள் இருவர் இறந்தார்கள். 2011 அக்டோபர் 31 அன்று உஸ்மான் சாலை, ரங்கநாதன் தெரு பகுதியில் விதிகளை மீறிய கடைகளுக்கு சி.எம்.டி.ஏ சீல் வைத்தது. 2012 ஜனவரியில், பொங்கல் நேரத்தில், உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் அவை தற்காலிகமாகத் திறந்தன. 2017 மே 31 அதிகாலையில் உஸ்மான் சாலை 'சென்னை சில்க்ஸ்' கட்டடம் தீப்பிடித்து எரிந்தது. கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தது, அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள், போக்குவரத்து நின்றது. மிச்சத்தை இடித்துத் தள்ள வேண்டியிருந்தது. விதிமீறல் பற்றிய கேள்விகள் அதன் பிறகுதான் உரக்க எழுந்தன.

2021-ல் மறைந்த டிராபிக் ராமசாமி இந்த ஏரியாவின் விதிமீறல் கட்டடங்களை எதிர்த்துப் பல வருடங்கள் கோர்ட் படி ஏறினார். எல்லோராலும் அப்படிப் போராட முடியாது. ஆனால், முதல் மாடிக்கு சென்ட்ரிங் அடிக்கும்போதே ஒரு புகார் கொடுக்க நம்மாலும் முடியும்.

முதலில் போர்டைப் பாருங்க

அனுமதி பெற்ற கட்டுமானத் தளத்தில் அனுமதி எண் உள்ளிட்ட விவரங்களுடன் பலகை இருக்க வேண்டும். 2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த ஒரு தீர்ப்பு, வேலை முடியும் வரை அனுமதிக்கப்பட்ட வரைபடத்தைத் தளத்தில் பார்வைக்கு வைக்க வேண்டும் என்கிறது. போர்டை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை தளம், எத்தனை வீடு, சுற்றிலும் எவ்வளவு காலியிடம் என்பதை வரைபடத்தோடு ஒப்பிட்டாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

2024 ஜூலையில் வந்த சுயசான்று திட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட ஆன்லைனிலேயே உடனடி அனுமதி. முன்கூட்டியே அதிகாரிகள் வந்து பார்ப்பதில்லை. சொந்தமாக வீடு கட்டுகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி. அதேசமயம், அக்கம்பக்கத்தார் கவனிப்பது இன்னும் அவசியமாகிறது.

புகார் எப்படி இருக்கணும்?

சின்ன வீடு என்றால் அனுமதி தருவது மாநகராட்சி. பெரிய, உயரமான கட்டடம் என்றால் சி.எம்.டி.ஏ. மாநகராட்சிக்கு 1913 எண்ணிலோ, 'நம்ம சென்னை' ஆப்பிலோ புகார் செய்யலாம். சி.எம்.டி.ஏ அலுவலகம் எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகையில் இருக்கிறது.

"ரொம்ப மோசமா கட்டுறாங்க சார்" என்று மட்டும் எழுதினால் வேலைக்கு ஆகாது. கதவு எண், தெரு, அனுமதி எண், தேதியுடன் போட்டோ, என்ன மீறல் என்று ஒரே வரி. இவ்வளவு போதும். புகார் எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். பதில் இல்லையென்றால், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு போட்டு, "என் புகார் மீது என்ன நடவடிக்கை?" என்று கேளுங்கள். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும்.

1971-ம் ஆண்டின் தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டத்தில் பிரிவு 57 வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம். பிரிவு 56 மீறலை அகற்றச் சொல்லும் அதிகாரம். "அப்புறம் வரன்முறை பண்ணிக்கலாம்" என்று பில்டர் சொன்னால் நம்பாதீர்கள். பிரிவு 113-சி திட்டமே 2007 ஜூலை 1-க்கு முன் கட்டிமுடித்த கட்டடங்களுக்குத்தான்.

பகையாகிடுமோ என்ற பயம் நியாயமானதே. முதலில் நேரில் பேசிப் பாருங்கள். சரிவரவில்லை என்றால் தனி ஆளாகப் போகாமல், நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். வாடகைக்கு இருப்பவர்களும் சேரலாம். மாடவீதிப் பக்கம் சுவரோடு சுவர் ஒட்டிய வீடு என்றால், பக்கத்தில் இடிக்கத் தொடங்கும் முன்பே உங்கள் சுவர்களைத் தேதியோடு போட்டோ எடுத்துவிடுங்கள். பின்னால் விரிசல் விட்டால் அதுதான் ஆதாரம்.

நம்ம வீடு எப்படி இருக்கு?

அடுத்தவரைக் கேட்கும் முன் நம்ம சன்ஷேடையும் ஒரு தடவை அண்ணாந்து பார்க்கணும். காரை பெயர்ந்து கம்பி தெரிந்தால், அது வெறும் அழகுப் பிரச்னை இல்லை. கடல்காற்று படும் பெசன்ட் நகர், அடையாறு பகுதிகளில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி உப்பி, மேலே இருக்கிற கான்கிரீட்டைத் தள்ளிவிடும். அது விழுவது தெருவில் நடப்பவர் தலையில்.

2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு ஒன்று இடிந்து விழுந்தது. 24 வீடுகள் தரைமட்டம். ஆனால், ஓர் உயிர்கூடப் போகவில்லை. விரிசலைக் கவனித்து, குடியிருந்தவர்கள் முன்பே வெளியேறிவிட்டதுதான் காரணம்.

பழைய ஃபிளாட் என்றால், மழைக்காலத்துக்கு முன் மொட்டை மாடி, கைப்பிடிச் சுவர், சன்ஷேடு மூன்றையும் பார்க்கச் சொல்லி அசோசியேஷன் மீட்டிங்கில் கேளுங்கள். 2003-ல் கட்டாயமான மழைநீர் சேகரிப்புத் தொட்டியையும் அப்போதே தூர்வாரலாம். பழுது பார்த்துத் தீராத கட்டடம் என்றால், 2024 மார்ச்சில் அமலுக்கு வந்த அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம்.

அப்படிப் புதிதாகக் கட்டும்போது, உங்கள் வாசலிலும் அந்த அனுமதிப் பலகை இருக்கணும். தெருக்காரர்கள் நின்று படிக்கிற உயரத்தில் மாட்டச் சொல்லுங்கள்.