கணினியின் வெப்பமும் வெண்பசையின் வரலாறும்



யாழ்ப்பாணக் குடாநாட்டிலே கொக்குவில், கோண்டாவில், திருநெல்வேலி ஆகிய அயலூர்கள் செம்பாட்டு மண்ணுக்குப் பெயர்போனவை. பயிருக்கு உகந்த அம்மண், சோளகக் காற்று எழுந்ததும் தூளாகி வீட்டுக்குள் நுழைந்துவிடும். இக்காலத்தில் அது குடிபுகும் இடங்களுள் ஒன்று மடிக்கணினியின் விசிறி. 2022ஆம் ஆண்டிலே அமெரிக்க டொலரின் விலை 200 ரூபாவளவிலிருந்து 360 ரூபாவளவுக்கு ஏறியபோது, புதிய மடிக்கணினி நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டாத பொருளாயிற்று. கையிலுள்ள பழைய யந்திரத்தைக் காப்பாற்றுவதே மாணவர் பலருக்கு வழியாயிற்று. அந்த யந்திரம் சூடேறி, வேகங் குன்றி, பாதி வேலையில் அணைந்துவிடுமாயின் விசிறியையே முதலில் நோகின்றோம். தூசியைத் துடைத்த பின்னும் சூடு தணியாதாயின், குற்றம் இருக்குமிடம் வேறு. சில்லுக்கும் அதன்மேல் அமர்ந்த செப்புத் தகட்டுக்கும் இடையிலே, கடதாசியினும் மெல்லிய ஒரு பசைப்படலம் உண்டு. அதன் கதையையே இன்று சொல்ல எண்ணுகின்றேன்.

எல்லா உலோகமும் வெப்பத்தை ஒரேயளவாகக் கடத்துவதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒல்லாந்து நாட்டவரான இங்கன்ஹவுஸ் என்பவர், பலவகை உலோகக் கம்பிகளுக்கு மெழுகு பூசி, ஒரு முனையைச் சூடாக்கி, மெழுகு எதில் எவ்வளவு தூரம் உருகுகின்றது என்று பார்த்து இதனைக் காட்டினார். பின்பு 1822இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் பூரியே வெளியிட்ட பெருநூல், வெப்பம் செல்லும் விதத்தைக் கணக்கில் அடக்கியது. அக்கணக்கின்படி செம்பின் வெப்பக் கடத்தாறு ஏறத்தாழ 400. அலுமினியத்துக்கு 237 அளவு. காற்றுக்கோ வெறும் 0.026. செம்பு காற்றிலும் பதினையாயிரம் மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்துகின்றது என்பது இதன் பொருள்.

இரண்டு உலோகப் பரப்புகளை எவ்வளவு மினுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாலும், அவை மேட்டோடு மேடாக ஒருசில இடங்களிலேதான் தொடுகின்றன. மிகுதிப் பள்ளங்களில் காற்றுப் புகுந்துகொள்ளும். செம்பு வாங்கப் பணம் செலவிட்டவன், காற்றுக்கு இடங்கொடுத்து அந்தப் பணத்தை வீணாக்குகின்றான்.

இத்தொல்லை கணினியோடு பிறந்ததன்று. 1946இல் பிலடெல்பியாவில் வெளியுலகுக்குக் காட்டப்பட்ட ஈனியாக் என்னும் கணினியிலே வெற்றிடக் குழாய்கள், அதாவது நம் பழைய வானொலிப் பெட்டிகளின் வால்வுகள், ஏறக்குறைய 18,000 இருந்தன. அது உண்ட மின்சாரம் 150 கிலோவாற்று. ஆயினும் வால்வு சூட்டை விரும்பும் பொருள். உள்ளிழை சூடேறினாலன்றி அது பாடாது. 1947 டிசம்பரில் பெல் ஆய்வுகூடத்தில் பிறந்த திரான்சிஸ்டர் இதற்கு நேர்மாறானது. சிறு மின்கலத்தில் இயங்கும். ஆனால் சூடு மிஞ்சினால் கெட்டுவிடும். 1990இல் மின்சாரம் நின்றபின், துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்துத் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட யாழ்ப்பாணத்தவர் அனுபவித்தது அந்தச் சிக்கனத்தையே.

ஒலிபெருக்கிப் பெட்டியைத் திறந்து பார்த்தவர்கள் மற்றொன்றையும் கண்டிருப்பர். வலுமிக்க திரான்சிஸ்டர் ஓர் அலுமினியத் தகட்டில் முடுக்கப்பட்டிருக்கும்; இடையிலே மெல்லிய மைக்கா; அதன் இருபுறமும் வெண்ணிறப் பசை. அது சிலிக்கோன் கொழுப்பிலே நாக ஒட்சைட்டு போன்ற தூளைக் குழைத்தது. சிலிக்கோன் கொழுப்பு பெருவழக்குக்கு வந்தது இரண்டாம் உலகப் போர்க்காலத்தில். உயரப் பறக்கும் விமானங்களின் எரிபற்றல் தொகுதியில் ஈரம் புகாமல் அடைப்பதற்காக. போர் விமானத்துக்கு வந்த கொழுப்பு வானொலித் திருத்துநர் மேசைக்கு இறங்கி, இன்று ‘தேர்மல் பேஸ்ட்’ என்ற பெயரில் கணினிக்குள் இருக்கின்றது.

பெரிய கணினிகள் வேறு வழியையும் கண்டன. ஐ.பி.எம். நிறுவனம் 1980இல் அறிவித்த 3081 என்னும் கணினியிலே, ஒவ்வொரு சில்லின்மேலும் ஓர் அலுமினிய உருளை வில்லினால் அழுத்தப்பட்டது. எஞ்சிய இடைவெளியில் காற்றை அகற்றி ஈலியம் வாயுவை நிரப்பினர். அது காற்றிலும் ஏறத்தாழ ஆறு மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். வெளியே குளிர்நீர் ஓடியது. மயிரிழை இடைவெளிக்காக இத்தனை பாடு! மடியில் வைக்கும் யந்திரத்துக்கு ஈலியமும் நீர்க்குழாயும் ஆகுமா? அங்கே 1963இல் அமெரிக்காவின் லொஸ் அலமோசில் குரோவர் உருவாக்கிய வெப்பக் குழாய் கைகொடுத்தது. மூடிய செப்புக் குழாயினுள் சிறிது திரவம் ஆவியாகி, மறுமுனையில் குளிர்ந்து, திரும்பிவரும். ஆனால் சூடு அக்குழாய்க்குள் ஏறுவதற்கு முன், அதே பசையைக் கடந்தாக வேண்டும்.

ஒரு சதுரச் சென்ரிமீற்றர் சில்லிலிருந்து 30 வாற்று வெப்பம் வெளியேறுவதாகக் கொள்வோம். கடத்தாறு 5 உள்ள பசை, மில்லிமீற்றரில் இருபதில் ஒரு பங்கு தடிப்பில் பரவியிருந்தால், அதன் இருபுறத்துக்கும் இடையே 3 பாகை வித்தியாசமே ஏற்படும். பசைக்குப் பதில் அதன் ஐந்திலொரு பங்கு தடிப்பான காற்றுப் படலம் முழுமையாக நின்றாலோ, அவ்வித்தியாசம் 100 பாகையைத் தாண்டும். ஆண்டுக்கணக்கில் சூடேறியும் குளிர்ந்தும் பசை ஓரத்துக்கு ஒதுங்குவதும் காய்ந்து வெடிப்பதும் உண்டு. அங்கே காற்றுத் திரும்பிவருகின்றது.

‘தேர்மல் பாட்’ எனப்படும் மெத்துத் தகடு வேறு தொழிலுக்குரியது. நினைவகச் சில்லுகள் செப்புத் தகட்டிலிருந்து அரை அல்லது ஒரு மில்லிமீற்றர் தாழ்ந்து கிடக்கும், பசை அப்பள்ளத்தை நிரப்பாது, மெத்து நிரப்பும். கையில் பசை இல்லையென்று செயலிக்கும் மெத்து வைப்பது தவறு. மேற்சொன்ன கணக்கிலே, அதே கடத்தாறுள்ள ஒரு மில்லிமீற்றர் மெத்து 60 பாகை வித்தியாசத்தை உண்டாக்கும்! காலியம் கலந்த திரவ உலோகம் கடத்துவதில் இவ்விரண்டையும் வெல்லும். ஆனால் அலுமினியத்தை அரித்துவிடும், மின்சாரத்தையும் கடத்தும். வீட்டுத் திருத்தத்துக்கு அதனை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

பழைய பசையை அற்ககோல் தோய்ந்த துணியால் முற்றாகத் துடைத்து, சிறிய சில்லாயின் ஒரு பயற்றளவு புதுப்பசை வைத்தாற் போதும். அதிகம் வைத்தால் அழுத்தத்திலே பக்கங்களில் வழியும். வழியாமல் தடித்து நின்றால் தீமையே. மெத்தை மாற்றுவோர் பழையதன் தடிப்பை அளந்துகொள்ள வேண்டும். அரை மில்லிமீற்றர் இருந்த இடத்திலே ஒரு மில்லிமீற்றரை வைத்து முடுக்கினால், நினைவகம் குளிரும். ஆனால் செப்புத் தகடு ஒரு பக்கம் உயர்ந்து, செயலியைத் தொடாமலே நிற்கும்.