கொட்டை எழுத்து

நூலின் உட்பகுதியை நிரப்பும் பொடி எழுத்தினின்று வேறுபட்டு, தலைப்பு, சுவரொட்டி, கடைப்பலகை முதலியவற்றில் சேய்மையிலிருந்தே கண்ணில் படும் பொருட்டுத் தடித்த கோட்டால் ஆக்கப்படும் அச்செழுத்து. கோட்டு முனைகளில் குறுக்கில்லாத உரோமன் எழுத்தை இலண்டன் காஸ்லன் வார்ப்படச் சாலை 1816-ஆம் ஆண்டளவில் வெளியிட்டது. முனை உருண்ட எழுத்தொன்று 1979இல் வோக்ஸ்வாகன் நிறுவனத்துக்காக உருவாயிற்று. தமிழெழுத்துக்கோ அக்குறுக்கு ஆதியிலிருந்தே கிடையாதாகையால், இங்கே வடிவமைப்பாளனின் சிரமமெல்லாம் ண, ஞ, இ ஆகியவற்றின் சுழிகளுக்குள் எஞ்சும் சிறு வெற்றிடத்தைக் காப்பதில்தான் இருக்கிறது. கோடு தடிக்கத் தடிக்க அவ்வெற்றிடம் சுருங்கி, மை சற்று மிகுந்தாலும் அடைபட்டு, எழுத்து கரும்புள்ளியாகிவிடும்.

தஞ்சைச் சரசுவதி மகாலின் ஓலைச்சுவடிகளில் எழுத்தாணி கீறிய கோடு ஒரே மென்மையுடையது. தடிமனுக்கு அங்கே இடமே இல்லை. ஓலை கிழியாதிருக்கவே தமிழெழுத்து உருண்டது என்பர். பெருவுடையார் கோயிற் கல்வெட்டுகளிலும் வளைவுகள் தாராளமாக உள்ளமையால், அவ்விளக்கத்தை முழுமையானதாகக் கொள்வதற்கில்லை.

காவிரிக் கழிமுகத்துக்கு வார்ப்பெழுத்து வந்தது தரங்கம்பாடி வழியாக. 1706இல் அங்கு வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்குவின் முயற்சியால் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழெழுத்துக்கள் 1713இல் வந்து சேர்ந்தபோது, அவை தலைப்புக்கு ஏற்கும் அளவுக்குப் பெரியனவாயிருந்தன. காகிதமோ கப்பலில் வரவேண்டிய அருமைப் பொருள். ஆகவே, 1715இல் நிறைவெய்திய புதிய ஏற்பாட்டு அச்சுவேலையின் இடையிலேயே சிறிய எழுத்துக்கள் உள்ளூரில் வார்க்கப்பட்டன; இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக் கட்டிகளைப் பொதிந்திருந்த ஈயமே அவ்வார்ப்புக்கு உதவியதென மிஷன் வரலாறுகள் கூறும். பெரிய எழுத்தைச் செலவாகக் கருதிய அத்துறைமுகப் பிரதேசமே, பிற்காலத்தில் நாடக நோட்டீசுக்கும் தேர்தல் சுவருக்கும் அதனை விரும்பி வேண்டிற்று.

அச்சகத்துக்குப் புறத்தே வளர்ந்த கொட்டை எழுத்துக்கு நெல்சாக்கு நல்ல சான்று. தகரத்தில் எழுத்தை வெட்டிச் சாக்கின்மேல் வைத்து மை தடவுகையில், ணகரச் சுழியின் நடுத்துண்டு விழுந்துவிடாதபடி அதை வெளிவிளிம்போடு பிணைக்கும் சிறு பாலங்கள் வேண்டியிருப்பதனால், நெல் ஆலைத் தகடுகளில் எழுத்து ஆங்காங்கே துண்டுபட்டே தோன்றும். தூரிகையாற் பலகை எழுதிய ஓவியனுக்கு இத்தடையில்லை. தூரிகையை நிறுத்திய இடத்தில் முனை தானே உருண்டுவிடும். உருண்டை முனையைத் தமிழுக்கு நல்கியவர்கள் வார்ப்பாளரைவிட இவ்வோவியரே என்று கொள்வது தகும்.

1935 முதல் பெரியார் ‘குடி அரசு’ இதழிற் கையாண்ட சீர்திருத்தத்தை ஒட்டி 1978இல் தமிழக அரசு பிறப்பித்த ஆணையால் 13 எழுத்துக்கள் வடிவம் மாறின. துதிக்கைபோல் மேலெழுந்த பழைய ‘லை’ முதலியன வழக்கொழிந்தமையால், தடித்த எழுத்தின் வரிக்கு மேலிருந்த நெருக்கடி பெரிதும் தணிந்தது.

கணினிக் காலத்தில் இவ்வகைக்குத் தலையாய உதாரணம், மும்பை எக் டைப் குழுவினர் 2016இல் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்ட ‘பலூ தம்பி’. இதே குடும்பத்து மலையாள எழுத்து ‘சேட்டன்’, தெலுங்கு ‘தம்முடு’, குஜராத்தி ‘பாய்’ எனச் சகோதர முறையிற் பெயர் பூண்டிருப்பது ரசிக்கத்தக்கது. தமிழ் வடிவங்களை அமைத்தவர் ஆதர்ஷ் ராஜன். முதற்பதிப்பு ஒரே தடிமனில் வந்தது. பின்வந்த ‘பலூ 2’ ஐந்து தடிமன்களைக் கொண்டது. அவற்றுள் மெலிந்தவை சிறுபத்திகளுக்கும் பயன்படும். மிகத் தடித்தது, சுழிகள் நெருங்கிய சொற்களில், இன்றும் பெரிய அளவையே வேண்டுகிறது.