பனிக்கட்டி வைத்த மாளிகை

திருவல்லிக்கேணி வழியாகச் செல்லும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால், கடற்கரைக்குச் சற்று முன்னால் கண்டக்டர், “ஐஸவுஸ் எறங்கு, ஐஸவுஸ்!” என்று குரல் கொடுப்பார். இறங்குகிறவர்களில் ஒருவரும் பனிக்கட்டி வாங்கப் போகிறவரல்லர். அங்கே பனிக்கட்டி வியாபாரம் நின்று நூற்று நாற்பது வருஷங்கள் கடந்துவிட்டன. ஐஸ் ஹவுஸாக இருந்த கட்டடத்துக்கு விவேகானந்தர் இல்லம் என்று அரசாங்கம் பெயர் சூட்டியும் அறுபது வருஷங்களுக்கு மேலாகிவிட்டது. ஆயினும் அந்த வட்டாரத்துக்கும், அங்குள்ள போலீஸ் ஸ்டேஷனுக்கும், ஜனங்களின் நாவுக்கும் பழைய பெயரே பழகிப்போயிற்று. வளர்ந்துகொண்டே போகும் ஒரு பட்டணம் தன் புராதனக் கட்டடங்களை எவ்வாறு காப்பது, எவ்வாறு மறுபடி உபயோகத்துக்குக் கொண்டுவருவது என்னும் கேள்வி எழும்போதெல்லாம், சட்டப் புத்தகங்களைப் புரட்டுவதற்கு முன்னால் இந்த ஒரு கட்டடத்தின் சரித்திரத்தைத் தெரிந்துகொள்வது நலம் என்பது என் அபிப்பிராயம்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தைச் சேர்ந்த பிரடரிக் டியூடர் என்னும் வியாபாரி, குளிர்காலத்தில் ஏரிகளும் குளங்களும் உறைந்து கிடப்பதைப் பார்த்து, அந்தப் பனியை வெட்டி உஷ்ண தேசங்களுக்கு விற்றால் என்ன என்று எண்ணியவர். மரத்தூளைப் பொதிந்து, பாய்மரக் கப்பலில் ஏற்றி, ஏறக்குறைய நான்கு மாதம் சமுத்திரத்தில் மிதந்து வரும் அந்தச் சரக்கு, முதன்முறையாக 1833இல் கல்கத்தா துறைமுகத்தை அடைந்தபோது, ஏற்றிய 180 டன்னில் சுமார் 100 டன் கரையாமல் வந்து சேர்ந்தது. அந்த லாபத்தைக் கண்ட டியூடரின் கம்பெனி, 1842 வாக்கில் சென்னைக் கடற்கரையிலும் ஒரு கிடங்கு கட்டியது. அக்காலத்தில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்க, அலைகளின் மேல் ஏறி இறங்கும் மசூலாப் படகுகளில்தான் சரக்கு கரைக்கு வரவேண்டும். கரைக்கு வந்த பனிக்கட்டி வெயிலில் வீணாகாமல் உடனே உள்ளே போவதற்காக, அலையோசை கேட்கும் தூரத்தில், கனத்த சுவர்களோடு, காற்றும் வெளிச்சமும் புகாதபடி எழுப்பிய கட்டடம் அது. கல்கத்தாவிலும் பம்பாயிலும் அந்தக் கம்பெனிக்கு இருந்த கிடங்குகள் இன்று இல்லை. சென்னைக் கிடங்கு மட்டும் நிற்கிறது.

அது ஏன் நிற்கிறது என்பதுதான் விஷயம். நீராவி யந்திரத்தால் உள்ளூரிலேயே பனிக்கட்டி செய்யும் முறை வந்ததும் டியூடர் கம்பெனியின் வியாபாரம் படுத்துவிட்டது. பனிக்கட்டிக்கென்றே கட்டிய, ஜன்னலற்ற, இருண்ட ஒரு கிடங்கை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது? இடித்துச் செங்கல்லை விற்பதுதான் லௌகிக புத்திக்கு உடனே தோன்றும் மார்க்கம். அந்தச் சமயத்தில் அதை வாங்கினார் ஹைகோர்ட்டு வக்கீலான பிலிகிரி ஐயங்கார். காற்றே புகாத சுவர்களில் ஜன்னல்களைத் திறந்து, வட்டமாகத் தாழ்வாரங்களைச் சேர்த்து, கிடங்கை வீடாக்கினார். தம் நண்பரான நீதிபதி கெர்னனின் பெயரால் அதற்குக் ‘கெர்னன் கோட்டை’ என்று நாமகரணமும் செய்தார். அவ்வளவு செய்தும் அது காற்றோட்டமான வீடாக அமைந்துவிடவில்லை. எனினும் ஏழை மாணவர் பலர் அதன் கீழ்ப்பகுதியில் தங்கிப் படித்தார்கள் என்பதிலிருந்து, வீட்டுக்காரரின் மனத்தில் இருந்த இடம் வீட்டில் இருந்ததைவிட விசாலமானது என்று தெரிகிறது.

1897 பிப்ரவரி 6ஆம் தேதி, மேல்நாட்டு யாத்திரை முடித்துத் திரும்பிய சுவாமி விவேகானந்தரை எழும்பூர் ஸ்டேஷனிலிருந்து அழைத்து வந்த கூட்டம், வழியிலேயே குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே வண்டியை இழுத்து வந்து சேர்த்த வாசல் இந்த வீட்டின் வாசல்தான். ஒன்பது தினங்கள் அவர் இங்கே தங்கினார். அவர் வாக்குக் கொடுத்தபடி, அடுத்த மாதமே வந்து சேர்ந்த சுவாமி ராமகிருஷ்ணானந்தர் இவ்வீட்டின் கீழ்த்தளத்தில் ராமகிருஷ்ண மடத்தை நடத்தினார். ஐயங்கார் காலமான பிறகு 1906இல் வீடு ஏலத்துக்கு வந்து கைமாறி, மடம் 1907இல் மயிலாப்பூருக்குப் போயிற்று. இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தில், இளம் பிராயத்திலேயே கணவனை இழந்த பெண்களுக்குக் கல்வியும் தைரியமும் ஊட்டுவதைத் தம் ஜீவியத்தின் பணியாகக் கொண்ட சகோதரி சுப்புலட்சுமி, தம் விடுதியை இங்கே கொண்டுவந்தார். அப்பெண்களைக் கண்டால் அபசகுனம் என்று தெருவில் ஒதுங்கிப்போன காலத்தில், கடலைப் பார்த்த அந்தத் தாழ்வாரங்களில் அவர்கள் பாடம் படித்தார்கள். பின்னர் அரசாங்கத்தின் உடைமையாகி, ஆசிரியைப் பயிற்சி பெறுவோர் தங்கும் விடுதியாக அது நெடுநாள் இருந்தது. விவேகானந்தர் நூற்றாண்டான 1963இல் புதுப் பெயர் கிடைத்தது. அவர் வந்து தங்கியதன் நூற்றாண்டான 1997இல் ராமகிருஷ்ண மடத்தின் வசம் ஒப்படைக்கப்பட்டு, இன்று கண்காட்சிச் சாலையாக விளங்குகிறது.

கிடங்கு, வக்கீல் வீடு, மடம், விதவைகள் விடுதி, ஆசிரியைகள் விடுதி, கண்காட்சிச் சாலை என்று அந்தச் சுவர்கள் ஆறு ஜன்மம் எடுத்திருக்கின்றன. ஏறக்குறைய அந்தக் காலம் முழுவதிலும், இதை இடிக்கக் கூடாது என்று சொல்ல ஒரு சட்டமும் இருக்கவில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவருக்கு அது தேவைப்பட்டது; தேவைப்பட்டவர் அதைச் சிரத்தையோடு வைத்துக்கொண்டார். பயனும் பராமரிப்பும் ஆகிய இந்த இரண்டும் சேர்ந்தால்தான் பழைய கட்டடம் பிழைக்கும். ஒன்றிருந்து மற்றொன்று இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் காண வெகுதூரம் போகவேண்டியதில்லை; அதே கடற்கரைச் சாலையில் வடக்கே நடந்தால் போதும்.

ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவுக்காக 1768இல் எழுந்த சேப்பாக்கம் அரண்மனை, கலஸ் மஹால், ஹுமாயூன் மஹால் என்ற இரு பகுதிகளைக் கொண்டது. கடைசி நவாப் 1855இல் வாரிசில்லாமல் மறைந்தபின், 1859இல் அரண்மனை ஏலத்துக்கு வர, அதை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. ராபர்ட் சிஷோம் என்னும் கட்டடக் கலைஞர் இரண்டு மஹால்களுக்கும் இடையே கோபுரம் எழுப்பினார். 1862 முதல் 1920 வரை, கிண்டிக்குப் போகும் வரையில், என்ஜினீயரிங் காலேஜ் இங்கேதான் நடந்தது. தர்பார் நடந்த இடத்தில் ரெவின்யூ போர்டும், பொதுப்பணித் துறையும், வேறு பல காரியாலயங்களும் குடியேறின. ஆக, பயனுக்குக் குறைவில்லை. ஆனால் காரியாலயம் என்பது ஒரு விசித்திரமான குடித்தனக்காரன். வாடகை கொடுப்பதில்லை, ஒழுகினால் வாளி வைப்பான், இடம் போதாவிட்டால் பலகையடித்துத் தடுப்பான், நூறு வருஷத்துக் கடிதக் கட்டுகளைத் தேக்கு உத்தரத்தின் கீழே கூரை தட்டும்வரை அடுக்குவான். 2012 ஜனவரியில் ஒரு நள்ளிரவில் கலஸ் மஹாலில் தீ மூண்டபோது, காகிதமும் காய்ந்த மரமும் சேர்ந்து பற்றிக்கொண்டன. அணைக்கச் சென்ற தீயணைப்புத் துறை அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். விடிந்தபோது, நவாபின் மாளிகை கூரையின்றி வானத்தைப் பார்த்து நின்றது.

எஞ்சியதையும் இடித்துவிடலாம் என்று சொல்வது அப்போது மிகச் சுலபமாக இருந்திருக்கும். அப்படிச் செய்யாமல், பழைய முறையிலேயே திரும்பக் கட்டுவது என்று முடிவாயிற்று. கலஸ் மஹாலில் இப்போது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நடக்கிறது. பாழடைந்து மரங்கள் முளைத்துக் கிடந்த ஹுமாயூன் மஹாலும் அவ்விதமே சீர்பெற்றது. பழைய முறை என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன். அந்த வார்த்தைக்குள் இருக்கும் உழைப்பைச் சற்று விஸ்தரித்துச் சொல்ல வேண்டும்.

மெட்ராஸ் டெரஸ் என்று கட்டடக்காரர் சொல்லும் தளத்துக்கு, தேக்கு உத்தரங்களின் மேல் குறுக்குச் சட்டங்களைப் பரப்பி, மெல்லிய சிறு செங்கற்களைச் சுண்ணாம்புக் காரையில் நெட்டுக்குத்தாக, மூலைவாட்டில் வரிசை வரிசையாகப் பதிக்க வேண்டும். அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைக் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாட்கணக்கில் தட்டி இறுக்குவார்கள். அதற்குமேல் தட்டோடு, அதன்மேல் பூச்சு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்துத் தட்டினால்தான் தளம் நீர் வாங்காது. ஒரு பழைய வீட்டில் இந்த வேலை நடந்தபோது அருகில் நின்று பார்த்தேன். தொட்டியில் ஊறிய கடுக்காய் நீர், தேநீர்போல் பழுப்பேறி, மூக்கைத் துளைக்கும் புளிப்பு வாடையோடு நுரைத்துக்கொண்டிருந்தது. “இதையே இன்றைக்குக் கலந்தால் என்ன?” என்று கேட்டேன். வயதான கொத்தனார் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “இன்னும் ரெண்டு நாள் ஊறணும் ஐயா. அவசரப்பட்டா அப்புறம் அடைமழைக்கு வாளி வெக்கணும்” என்றார்.

சுவர்ப்பூச்சிலும் இதே நியாயந்தான். கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு எடுத்த சுண்ணாம்பை வெண்ணெய்போல் அரைத்து, முட்டையின் வெண்கருவும் தயிரும் சேர்த்து, இழைப்புக் கல்லால் தேய்த்துத் தேய்த்துச் சலவைக்கல்லோ என்று மயங்கும்படி பளபளப்பேற்றுவது, சென்னைச் சுண்ணம் என்று தேசாந்தரங்களிலும் பேர்பெற்ற வித்தை. இதை விடுத்துச் சிமெண்டை அப்பினால், வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அக்காலத்து மிருதுவான செங்கல் உறிஞ்சும் ஈரம், வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, கடற்காற்றின் உப்போடு சேர்ந்து கல்லைப் பொடியாக்கிவிடும். அதனால் மாளிகையைக் காப்பதென்பது, கடுக்காய் எத்தனை நாள் ஊறவேண்டும் என்று அறிந்த மனிதரையும் காப்பதாகும். அந்த வித்தை கைமாறாமல் போய்விட்டால், பணமும் சட்டமும் இருந்தும் பிரயோஜனமில்லை.

சட்டத்தின் உபகாரத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஃப்ரீமேசன் சங்கத்தாருக்காக 1839இல் எழுந்து, 1865 முதல் போலீஸ் இலாகா குடியிருக்கும் கடற்கரைத் தலைமைக் காரியாலயத்தை 1993இல் இடித்துப் பல மாடிக் கட்டடம் எழுப்ப முனைந்தபோது, புராதனச் சின்னங்களின் பாதுகாப்புக்காக உழைக்கும் இன்டாக் ஸ்தாபனத்தார் ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். இடிப்பு நின்றது, கட்டடம் புதுப்பொலிவு பெற்றது. மவுண்ட் ரோட்டில் 1897இல் ஸ்மித் என்னும் மருந்து வியாபாரிக்காகக் கட்டப்பட்டு, பின்னாளில் பாரத் இன்ஷ்யூரன்ஸ் கட்டடம் என்று பெயர்பெற்ற மாளிகையை 2006இல் இடிக்கத் தொடங்கியபோதும் அவர்களே வழக்காடினார்கள். 2010இல் வந்த தீர்ப்பு, அதைக் காத்ததோடு நில்லாமல், நகரத்தின் மற்றப் புராதனக் கட்டடங்களைக் கவனிக்க ஒரு குழு அமைவதற்கும் ஹேதுவாயிற்று. 2012இல் தமிழ்நாட்டில் மரபுச் சின்னங்களுக்கென ஆணையச் சட்டமும் நிறைவேறியது.

இந்த ஏற்பாடுகள் முன்னமே இருந்திருந்தால், 1900இல் திறந்த மூர் மார்க்கெட் 1985ஆம் வருஷத்து மே மாதத் தீக்குப் பின் அடியோடு மறைந்து, அந்த இடத்தில் ரயில்வே கட்டடம் எழுந்திராது என்று எண்ணுவோர் உண்டு. ரயிலும் வேண்டும், மெட்ரோவும் வேண்டும், ஜனங்கள் பெருகினால் மாடிகளும் பெருகத்தான் வேண்டும். பழையவை யாவும் பவித்திரம் என்று நான் வாதிக்கவில்லை. ஆனால் காலி மனையில் எதையும் யாரும் கட்டலாம்; இருக்கும் சுவருக்குள் புதிய காரியத்தைப் பொருத்துவதற்கே சாமர்த்தியம் வேண்டும்.

போலீஸ் காரியாலயத்துக்குச் சட்டத்தின் காவலும் கிடைத்தது, குடியிருக்க ஆளும் இருந்தது, அது தழைத்தது. மவுண்ட் ரோட்டு மாளிகைக்குக் காவல் மட்டுமே கிடைத்தது. கடப்பாரையைத் தடுத்த தீர்ப்பு, அதற்குள் விளக்கேற்ற ஒருவரைக் கொண்டுவர முடியவில்லை. அதன் சிதைந்த கோபுரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு போகும்போதெல்லாம், காற்றுப் புகாத ஒரு பனிக்கட்டிக் கிடங்கின் முன் நின்று, எங்கே ஜன்னல் திறக்கலாம் என்று யோசித்த அந்தத் திருவல்லிக்கேணி வக்கீலின் ஞாபகமே எனக்கு வருகிறது.