உழைக்கும்போது உண்மை சொல்லும் இருதயம்

பிழைப்பின் பொருட்டு ஊரை விட்டுவந்த நம்மில் பலர் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் மாடிக் குடியிருப்புகளில் வாழ்கிறோம். காய்கறிப் பையுடன் மூன்றாம் மாடிக்கு ஏறும்போது மார்பு இறுகுகிறது; சற்று நின்றால் விட்டுவிடுகிறது. "வாயுத் தொல்லை" என்று நாமே தீர்ப்பளித்துக்கொண்டு மேலே ஏறிவிடுகிறோம். அந்தப் படிக்கட்டிலேயே ஒரு மருத்துவச் சோதனை நடந்து முடிந்துவிட்டது என்பதை நாம் உணர்வதில்லை. அந்தச் சோதனையின் வரலாற்றைச் சிறிது ஆராய்வோம்.

1768-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில், மருத்துவர் கல்லூரியில், வில்லியம் ஹெபர்டன் என்பவர் ஒரு கட்டுரை படித்தார். நடக்கும்போது, அதிலும் மேட்டில் ஏறும்போதும் உணவு உண்டபின் நடக்கும்போதும், மார்பில் நெரிப்பதுபோன்ற ஒரு வேதனை சிலருக்குத் தோன்றுகிறது. நின்றவுடனே அது மறைகிறது என்று அதில் விவரித்தார். அந்நோய்க்கு ஆஞ்ஜைனா பெக்டோரிஸ் என்னும் பெயரையும் இட்டார். ஸ்டெதஸ்கோப் கூடத் தோன்றாத காலம் அது. நோயாளிகளின் வாய்மொழியைக் கூர்ந்து கேட்டே அவர் இவ்வளவையும் கண்டறிந்தார். ஆயினும், இருதயத்திற்கு இரத்தம் குறைவதே அவ்வேதனைக்குக் காரணம் என்பதை அவர் அறிந்தாரில்லை.

நடந்தால் வருவதும் நின்றால் போவதும் ஏன்? உடலின் மற்றத் தசைகள் வேலை மிகும்போது, தம்மிடம் வரும் இரத்தத்திலிருந்தே கூடுதலாகப் பிராணவாயுவை எடுத்துக்கொள்ள வல்லவை. இருதயத் தசையோ ஓய்வாயிருக்கும்போதே ஏறத்தாழ முக்கால் பங்கை எடுத்துவிடுகிறது. ஆகவே வேலை மிகுந்தால் அதற்கு இரத்தமே மிகுதியாக வந்தாக வேண்டும். மண்மேடிட்ட வாய்க்கால் ஒரு வயலுக்குப் போதுமான நீரைத் தந்துவிடும். எல்லா வயல்களுக்கும் நீர் வேண்டும் நாளில்தான் அதன் குறை வெளிப்படும். இருதயத் தமனிகளில் உண்டாகும் அடைப்பும் இத்தகையதே.

ஹாலந்து நாட்டு லைடன் நகரில் வில்லெம் ஐந்தோவன் 1903-இல் இருதயத்தின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் கருவியை உலகுக்கு விளக்கினார். ஏறத்தாழ 270 கிலோ எடையுள்ள அதனை இயக்க ஐந்துபேர் தேவைப்பட்டனர். நோயாளி கைகளையும் காலையும் உப்புநீரில் அமிழ்த்தியவாறு அமர்ந்திருந்தார். இன்று இ.சி.ஜி. என்று நாம் வழங்குவது அதன் வழித்தோன்றலே. 1924-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் ஒரு சிக்கல் எஞ்சியது: ஆஞ்ஜைனா உள்ளவர் ஓய்வாகப் படுத்திருக்கையில் எடுத்த வரைவு குறையே இல்லாமலும் இருக்கலாம். இருதயம் தன் வறுமையை மறைத்துவிடுகிறது.

அதனைப் பேச வைக்கும் வழி என்ன? 1928-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஃபைல், சீகல் என்னும் இருவர், ஆஞ்ஜைனா நோயாளிகளைப் பயிற்சி செய்யச் சொல்லி வலியை வருவித்து, அப்போது வரைவில் மாறுதல் தோன்றுவதையும் வலி தீர்ந்ததும் அது நீங்குவதையும் கண்டனர். அடுத்த ஆண்டிலேயே நியூயார்க்கில் ஆர்தர் மாஸ்டர், ஒவ்வொன்றும் ஒன்பது அங்குல உயரமுள்ள இரண்டு படிகளைக் கொண்டு ஒரு சோதனையை அமைத்தார். வயது, எடை முதலியவற்றிற்கேற்ப இத்தனை முறை ஏறி இறங்க வேண்டும் என்று வகுத்தார். முதலில் நாடியும் இரத்த அழுத்தமுமே பார்க்கப்பட்டன. மின்வரைவு பின்னர்ச் சேர்ந்தது.

மாஸ்டரின் முறையில் ஒரு குறை இருந்தது. ஒரே வயதும் எடையும் உடைய இருவருக்கு ஒரே அளவு உழைப்பு விதிக்கப்பட்டது. அது ஒருவருக்கு எளிதாகவும் மற்றவருக்கு அளவுமீறியதாகவும் ஆகலாம். மின்வரைவும் உழைப்பு முடிந்த பின்னரே எடுக்கப்பட்டது. சியாட்டில் நகரில் ராபர்ட் புரூஸ் இதற்கு விடை கண்டார். 1963-இல் அவர் வெளியிட்ட முறைப்படி, நோயாளி நகரும் பட்டையின்மேல் நடக்கிறார். தொடக்கத்தில் வேகம் மணிக்கு 2.7 கிலோமீட்டர், சரிவு நூற்றுக்குப் பத்து. மூன்று நிமிஷங்களுக்கொருமுறை வேகமும் சரிவும் ஏறுகின்றன. நடக்கும்போதே மின்வரைவு ஓடிக்கொண்டிருக்கிறது. ஆபத்தின் குறி தோன்றினால் உடனே நிறுத்தலாம். நாம் இன்று டிரெட்மில் சோதனை என்பது பெரும்பாலும் இதனையே.

நோயுற்ற இருதயத்தை வேண்டுமென்றே வருத்துவது தகுமா? 1971-இல் வெளிவந்த ஓர் ஆய்வு 73 நிலையங்களில் நடந்த சுமார் 1,70,000 சோதனைகளைத் தொகுத்தது. இறந்தவர் 16 பேர். ஆபத்து மிகச் சிறிது. ஆனால் இல்லையென்று சொல்வதற்கில்லை. எனவேதான் பயிற்சி பெற்றோரின் கண்காணிப்பில், அவசர சிகிச்சைக்கு வேண்டியன அருகிருக்க, இச்சோதனை நடைபெறுகிறது.

இருதயம் கூறும் விடையும் முழு உண்மையன்று. 24,000-க்கு மேற்பட்ட நோயாளிகளைப் பற்றிய ஆய்வுகள் 1989-இல் தொகுக்கப்பட்டபோது, தமனியடைப்பு உள்ள நூறுபேரில் சராசரியாக 68 பேரையே இச்சோதனை கண்டுபிடித்தது. அடைப்பில்லாத நூறுபேரில் 23 பேரை நோயாளி என்று காட்டியது. ஆகவேதான் 1970-களிலிருந்து கதிரியக்கப் படங்களும், பின்னர் ஒலியலைப் படங்களும் உழைப்புச் சோதனையுடன் சேர்ந்தன. சோதனைக்கு முன்பே நோய் இருப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு என்று கணித்த பின்பே அதன் முடிவுக்குப் பொருள் கொள்ள வேண்டும் என்பதை டயமண்டும் ஃபாரெஸ்டரும் 1979-இல் எண்களால் விளக்கினர். அந்த வாய்ப்பைக் கணிப்பது எதைக்கொண்டு? வயதைக்கொண்டும், ஆணா பெண்ணா என்பதைக்கொண்டும், அனைத்திற்கும் மேலாக நோயாளி தம் வேதனையை எடுத்துரைக்கும் சொற்களைக்கொண்டுமே. இரு நூற்றாண்டுகள் நடந்து, மருத்துவம் மீண்டும் ஹெபர்டனின் வாயிலுக்கே வந்து நின்றது.

இதில் நமக்கோர் பாடம் உண்டு. அயல்மொழி பேசும் மருத்துவரிடம் நாம் தடுமாறி, "மார்வலி" என்னும் ஒரு சொல்லோடு நின்றுவிடுகிறோம். அல்லது வலியன்று, இறுக்கமே என்பதால் சொல்லாமலே விடுகிறோம். எதைச் செய்கையில் வருகிறது, எத்தனை படியில் வருகிறது, நின்றால் எவ்வளவு நேரத்தில் போகிறது என்னும் மூன்றையும் அவ்விடத்து மொழியில் கூறக் கற்றுக்கொள்வோமாக. ஓய்விலும் நீங்காத வேதனையாயின் எந்தச் சோதனைக்கும் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். படிக்கட்டு கேட்ட கேள்விக்கு நம் இருதயம் விடை கூறியிருக்கிறது. அதனை மருத்துவரிடம் கொண்டுசேர்ப்பது நம் கடமை.