போன்பெரோனி திருத்தம்

இத்தாலியக் கணிதர் கார்லோ எமிலியோ போன்பெரோனியின் (1892–1960) பெயரால் வழங்கும் புள்ளியியல் சொல். ஆனால் திருத்தம் அவர் செய்ததல்ல. 1936இல் அவர் வெளியிட்டவை நிகழ்தகவுச் சமனிலிகள். திருத்தத்துக்கு அடிப்படையான எளிய சமனிலியோ ஜார்ஜ் பூலுடையது. பல ஒப்பீடுகளுக்கான நடைமுறையாக அதை 1961இல் வகுத்துத் தந்தவர் அமெரிக்கப் புள்ளியியலாளர் ஆலிவ் ஜீன் டன். டன்னின் பெயரைச் சூட்டியிருந்தால் அதுவே நியாயம்.

ஒரு மருந்துச் சோதனையில் வலி குறைகிறதா, தூக்கம் கூடுகிறதா என இரண்டு முதன்மை விளைவுகளைப் பார்க்கிறார்கள். எதில் தேறினாலும் வெற்றி. அப்படியானால் பயனற்ற மருந்தும் தற்செயலாகத் தேறும் வாய்ப்பு 5 சதவீதத்திலிருந்து ஏறக்குறைய 10 வரை உயரக்கூடும். ஆகவே 5ஐ இரண்டாகப் பங்கிட்டு, ஒவ்வொன்றையும் 2.5 சதவீத வரம்பில் சோதிப்பதே இத்திருத்தம். இது இலவசமல்ல. ஒவ்வொரு விளைவுக்கும் 80 சதவீதத் திறன் (உண்மையான பயனைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) குறையாதிருக்க வேண்டுமானால், 200 நோயாளிகள் போதும் என்ற இடத்தில் சுமார் 242 பேர் வேண்டும். இரு விளைவுகளும் நெருங்கிய தொடர்புடையவை என்றால் இது தேவைக்கு மிஞ்சிய கண்டிப்பு.

இரண்டிலும் தேறியே ஆகவேண்டும் என்ற நிபந்தனை வேறு கதை. அல்சைமர் மருந்துகளில் அறிவாற்றல், அன்றாடச் செயல்பாடு இரண்டையும் கேட்பதுண்டு. அங்கே தற்செயலாகத் தேறும் வாய்ப்பு உயராததால் இத்திருத்தம் வேண்டாம். அடி விழுவது திறன்மேல். தனித்தனியே 80 சதவீதம் என்றாலும், விளைவுகள் ஒன்றையொன்று சாராதவையானால், இரண்டிலும் சேர்ந்து தேறும் வாய்ப்பு 64 சதவீதமே.