பி.எல்.சி. பழுதறியும் பயிற்சி, கிள்ளான் பள்ளத்தாக்கு

தொழிற்சாலை எந்திரங்களை இயக்கும் நிரல்படுத்தத்தக்க தருக்கக் கட்டுப்படுத்திகளை (பி.எல்.சி.) நம்பியிருக்கும் ஓர் உற்பத்தி வரிசை திடீரென்று நின்றுபோனால், காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்து மீண்டும் ஓடவைக்கப் பராமரிப்புப் பணியாளர்களுக்குக் கற்றுத்தருவதே பி.எல்.சி. பழுதறியும் பயிற்சி. கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலம், கிள்ளான், காஜாங் முதலிய ஊர்கள் அடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்கில் அரசுப் பயிற்சிக் கழகங்களும், கருவி விற்கும் நிறுவனங்களும், தனியார் பயிற்சி மையங்களும் இதை நடத்துகின்றன. சேர்பவர்களில் எலக்ட்ரீஷியன், டெக்னிஷியன், சார்ஜ்மேன் எனப் பல நிலையினர் உண்டு.

இதை பி.எல்.சி. புரோகிராமிங் வகுப்போடு குழப்பிக்கொள்வது பரவலான வழக்கம். புரோகிராமிங் வகுப்பில் புதிதாக எழுதக் கற்கிறார்கள். பராமரிப்பு ஆளுக்கோ இன்னொருவர் எழுதி வைத்த நிரலைப் படிக்கத் தெரிய வேண்டும். நள்ளிரவு ஷிஃப்டில், சூப்பர்வைசர் பக்கத்தில் நின்று மணியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது படிக்கத் தெரிய வேண்டும். இந்த இரண்டாவது திறனுக்குப் பாடத்திட்டங்களில் போதிய இடம் இன்னும் கிடைக்கவில்லை.

தோற்றம்

1968-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஹைட்ராமாட்டிக் பிரிவு, ரிலே பலகைகளுக்கு மாற்றாக ஒரு மின்னணுக் கருவி வேண்டும் என்று கேட்டது. காரின் மாடல் மாறும் ஒவ்வொரு முறையும் ரிலேக்களின் வயரிங்கைப் பிரித்து மறுபடி கட்ட வேண்டியிருந்ததால் பணமும் நாளும் வீணாயின. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பெட்ஃபோர்ட் அசோசியேட்ஸ் நிறுவனத்தில் டிக் மோர்லியும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய மோடிகான் 084 அதற்கு விடையாக 1969-இல் வந்தது. அந்நிறுவனத்தின் 84ஆவது திட்டம் என்பதால் அந்த எண்.

பயிற்சி தருபவர்கள் இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ரிலே வரைபடம் படிக்கத் தெரிந்த தொழிற்சாலை எலக்ட்ரீஷியனே இந்தக் கருவியையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அப்போதே எதிர்பார்ப்பாக இருந்தது. அதனால்தான் ஏணி வரைபடம் என்ற லேடர் மொழி பிறந்தது. இரண்டு செங்குத்துக் கோடுகள், நடுவில் படிகள், படிகளில் தொடர்புக் குறிகள், வலக்கோடியில் சுருள். 1993-இல் வெளியான ஐ.இ.சி. 61131-3 தரநிலை ஐந்து நிரல்மொழிகளை வகுத்தபோதும் லேடருக்கு அதில் இடம் இருந்தது. பராமரிப்பு ஆளை மனத்தில் வைத்துச் செய்த கருவி இது. அவருக்குப் புரியாத பொருளாக அது இன்று தெரிகிறதென்றால் குறை பாடம் நடத்தும் முறையில் இருக்கிறது.

பள்ளத்தாக்கின் தொழிற்சூழல்

1972-இல் சுங்கை வேயில் தொடங்கிய தடையற்ற வணிக மண்டலம் மின்னணு ஆலைகளைக் கொண்டுவந்தது. 1985-இல் ஷா ஆலமில் புரோட்டோன் கார் ஆலை ஓடத் தொடங்கியது. கிள்ளானைச் சுற்றி மேரு, காப்பார் பகுதிகளில் ரப்பர் கையுறை ஆலைகள், போர்ட் கிள்ளானிலும் இந்தா தீவிலும் செம்பனை எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், துறைமுகத்தின் கிரேன்கள் என்று பி.எல்.சி. புகாத இடம் இல்லை. ரயில்வே நிலமாக இருந்த பிரிக்பீல்ட்ஸின் ஒரு பகுதியில் 2001-இல் கே.எல். சென்ட்ரல் நிலையம் எழுந்தது. அத்தகைய பெரிய கட்டடங்களின் நீரேற்றும் பம்புகளிலும் காற்றோட்ட அமைப்புகளிலும் இதே கருவி இருப்பதுண்டு.

இப்பகுதித் தமிழர்களுக்குப் பராமரிப்புத் தொழில் புதிதல்ல. செந்தூல் ரயில்வே பணிமனையிலும் தோட்டத்து ரப்பர் ஆலைகளிலும் ஃபிட்டராகவும் எலக்ட்ரீஷியனாகவும் வேலை பார்த்த தலைமுறைகள் உண்டு. தோட்ட நிலங்கள் தொழிற்பேட்டைகளாகவும் வீட்டுமனைகளாகவும் மாறியபோது அக்குடும்பங்களின் பிள்ளைகள் பலர் ஆலைகளின் பராமரிப்புப் பிரிவுகளுக்கு வந்தார்கள். கையில் தொழில் இருந்தது, சான்றிதழ் இல்லை என்ற நிலை இவர்களில் பலருக்கு.

கருவியைக் கெடுக்கும் சூழலையும் இங்கே சொல்லியாக வேண்டும். கையுறை ஆலைகளில் பீங்கான் கை அச்சுகளைக் கழுவ அமிலமும் காரமும் பயன்படுகின்றன. அவற்றின் ஆவி டெர்மினல் திருகுகளை அரித்துப் பச்சை பிடிக்கவைக்கும். ஆண்டு முழுதும் புழுக்கம். மாலை இடிமின்னல் அடிக்கும்போது மின்னழுத்த எழுச்சி தகவல் போர்ட்டுகளையும் உள்ளீட்டுக் கார்டுகளையும் பதம் பார்க்கும். பேனல் கதவு ஒழுங்காக மூடாவிட்டால் பல்லி குடிபுகுந்து, இரண்டு முனைகளுக்கு நடுவே செத்துக் கிடக்கும்.

பழுது இருக்கும் இடம்

பி.எல்.சி.யின் மூளையான செயலகம் கெடுவது அரிது. எந்திரம் நின்றதற்குக் காரணம் பெரும்பாலும் அதற்கு வெளியே இருக்கும்: அழுக்கேறிய சென்சார், தளர்ந்த வயர், தேய்ந்த லிமிட் சுவிட்ச், ஊதிப்போன ஃபியூஸ், ஒட்டிக்கொண்ட ரிலே முனை. ஆகவே பி.எல்.சி.யைச் சந்தேகிப்பதை விட்டுவிட்டு, அதைச் சாட்சியாக வைத்து எந்திரத்தை விசாரிக்கக் கற்பதுதான் பயிற்சியின் உயிர்.

அந்த விசாரணைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் எந்திரம் ஓட்டும் ஆளிடம் கேட்க வேண்டும்: எந்த நிலையில் நின்றது, அதற்கு முன் என்ன மாறியது? பிறகு பேனலைத் திறந்து விளக்குகளைப் பார்க்க வேண்டும். மின்சாரம் இருக்கிறதா, ரன் விளக்கு எரிகிறதா, பிழை விளக்கு எரிகிறதா? அடுத்து, ஓடாத மோட்டாருக்குரிய வெளியீட்டு விளக்கு. அது எரிந்தும் காண்டாக்டர் இழுக்கவில்லையென்றால் பி.எல்.சி. தன் வேலையைச் செய்துவிட்டது. பழுது ஃபியூஸிலோ காண்டாக்டர் சுருளிலோ டிரிப்பான ஓவர்லோடிலோ, அல்லது கார்டுக்குள் இருக்கும் வெளியீட்டு ரிலேயின் முனையிலோ இருக்கும். மீட்டரை எடுத்தால் போதும், லேப்டாப் வேண்டாம். விளக்கே எரியவில்லையென்றால் நிரல் அனுமதி தரவில்லை என்று பொருள். அப்போதுதான் லேப்டாப்பை இணைத்து, அந்தச் சுருள் இருக்கும் படியைத் தேடி, எந்தத் தொடர்பில் வழி அடைபட்டிருக்கிறது என்று பார்த்து, அங்கிருந்து உள்ளீட்டு விளக்குக்கும் உள்ளீட்டிலிருந்து சென்சாருக்கும் பின்னோக்கி நடக்க வேண்டும். ஒரே ஒரு விளக்கைப் பார்த்ததும் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

புதியவர்கள் இடறும் இடங்கள் சில திரும்பத் திரும்ப வருகின்றன. நிறுத்தும் பொத்தான் அவற்றில் முதன்மையானது. அது மூடிய தொடர்பு கொண்டது. யாரும் அழுத்தாதபோது அதன் வழியே 24 வோல்ட் வந்துகொண்டே இருக்கும், உள்ளீட்டு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அழுத்தினால் அணையும், வயர் அறுந்தாலும் அணையும். இரண்டிலும் எந்திரம் நிற்கும். பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு அது. ஆனால் லேடரைத் திறந்தால் அதே பொத்தான் திறந்த தொடர்பாக வரையப்பட்டிருக்கும். ‘நிரல் தப்பு’ என்று கைவைக்கத் துடிப்பவர்கள் இங்கேதான் வருகிறார்கள். லேடரில் உள்ள குறி பொத்தானைப் படம் பிடித்துக் காட்டுவதில்லை. அந்த உள்ளீட்டில் மின்சாரம் இருக்கிறதா என்று கேட்கிறது. திறந்த குறி ‘இருக்கிறதா?’ என்கிறது, குறுக்குக் கோடிட்ட மூடிய குறி ‘இல்லாமல் இருக்கிறதா?’ என்கிறது. இந்த ஒன்றைப் பலகையில் கைப்பட அழுத்திப் பார்த்துத் தெளிந்தவருக்கு மற்ற லேடர் எல்லாம் எளிதாகிவிடுகிறது. பயிற்றுநர்கள் இதற்கு அரை நாள் ஒதுக்கினாலும் தகும்.

இன்னொன்று மாற்றிப் போட்ட சென்சார். “சென்சார் லைட் எரியுது, இன்புட் மட்டும் வர மாட்டேங்குது அண்ணே” என்று இளைய டெக்னிஷியன் மூத்தவரிடம் சொல்லும் பேச்சு ஆலைகளில் சாதாரணம். ஜப்பானிய எந்திரங்களில் என்.பி.என். வகைச் சென்சார்கள் மிகுதி. ஐரோப்பிய எந்திரங்களில் பி.என்.பி. வகை. முதலாவது சமிக்ஞை வயரை 0 வோல்ட்டுக்கு இழுக்கும், இரண்டாவது 24 வோல்ட்டைத் தரும். ஸ்டோரில் கைக்குக் கிடைத்ததை எடுத்து மாட்டினால் சென்சார் பொருளைக் காணும், தன் விளக்கையும் எரியவிடும். ஆனால் உள்ளீட்டுக் கார்டின் பொதுமுனை எதிர்ப்பக்கத்தில் கட்டப்பட்டிருப்பதால் மின்னோட்டம் சுற்றி வராது. வகை எழுத்தைச் சென்சாரின் உடம்பிலேயே படித்துவிட்டு மாட்டப் பழக்க வேண்டும்.

முகவரி எண்களிலும் சிக்கல் உண்டு. மிட்சுபிஷியின் எஃப்.எக்ஸ். வரிசை எட்டை அடிமானமாகக் கொண்டு எண்ணுகிறது: எக்ஸ்0 முதல் எக்ஸ்7 வரை, அடுத்தது எக்ஸ்10. எக்ஸ்8, எக்ஸ்9 என்று எதுவும் அதில் கிடையாது. சீமென்ஸில் ஐ0.7-க்கு அடுத்தது ஐ1.0. ஓம்ரானில் ஒரு தொகுதியின் எண் 00 முதல் 15 வரை ஓடும். ஒரே ஆலையில் மூன்று நிறுவனங்களின் கருவிகளும் அடுத்தடுத்து நிற்பது இங்கே வழக்கம் என்பதால், ஒரு பிராண்டை மட்டும் கற்பிக்கும் வகுப்பு பாதி வேலைக்குத்தான் ஆளைத் தயார் செய்கிறது.

அழுத்தம், வெப்பம் போன்ற அளவுகளைக் கொண்டுவரும் வயர்களில் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை ஓடும். அளவின் பூஜ்யமே 4 மில்லி ஆம்பியரில் தொடங்குவதால், மீட்டரில் 0 தெரிந்தால் வயர் அறுந்திருக்கிறது அல்லது கருவிக்கு மின்சாரம் வரவில்லை என்று உடனே சந்தேகிக்கலாம்.

பேட்டரி, பேக்கப், ஃபோர்ஸ்

எஃப்.எக்ஸ்2என் போன்ற பழைய கருவிகள் நிரலைப் பேட்டரியின் தயவில்தான் நினைவில் வைத்திருக்கின்றன. மின்சாரம் இருக்கும்வரை பேட்டரி தீர்ந்தது யாருக்கும் உறைக்காது. எச்சரிக்கை விளக்கு மட்டும் பேனலுக்குள் எரிந்துகொண்டிருக்கும். சீனப் புத்தாண்டுக்கோ நோன்புப் பெருநாளுக்கோ ஆலையை முழுக்க அடைத்துவிட்டுத் திரும்பி வந்து சுவிட்சைப் போடும்போது நிரல் காணாமல் போயிருக்கும். பேக்கப் இருந்தால் அரைமணி வேலை. இல்லையென்றால் எந்திரம் செய்து கொடுத்த நிறுவனத்தைத் தேட வேண்டும். அந்த நிறுவனம் மூடப்பட்டிருந்தால், எந்திரத்தின் நடத்தையைப் பார்த்துப் பார்த்து நிரலைப் புதிதாக எழுத வேண்டும். பேட்டரி மாற்றிய தேதியை ஒட்டித்தாளில் எழுதிப் பேனல் கதவில் ஒட்டுவதும், ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் நிரலைத் தேதியிட்டுச் சேமிப்பதும் எந்தப் பிராண்டுக்கும் பொருந்தும் பாடங்கள்.

ஃபோர்ஸ் என்பது, வராத உள்ளீட்டை வந்ததாகவோ, போடாத வெளியீட்டைப் போட்டதாகவோ கருவியை நம்பவைப்பது. பழுதைத் தேட அது உதவும். உற்பத்தியை ஓட்டுவதற்காக அதை அப்படியே விட்டுவிட்டுப் போவது ஆளைக் கொல்லும். காவற்கதவின் சுவிட்சைப் ஃபோர்ஸ் செய்த எந்திரத்தில், கதவு திறந்திருப்பது தெரியாமல் உள்ளே ஒரு கை இருக்கும்போது உருளை சுழலும். சீமென்ஸ் எஸ்7-300-இல் ஃபோர்ஸ் இருப்பதைக் காட்ட மஞ்சள் விளக்கு ஒன்று உண்டு. ஷிஃப்ட் மாறும்போது அதைப் பார்த்துக் கையெழுத்திடும் பழக்கத்தை வகுப்பிலேயே தொடங்கி வைக்க வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட்டு அட்டை தொங்கவிடும் நடைமுறையும் அப்படித்தான்.

2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் நச்சுநிரல், சீமென்ஸ் கருவிகளில் ஓடும் நிரலையே கள்ளத்தனமாக மாற்ற முடியும் என்று காட்டியது. பராமரிப்பு லேப்டாப்பில் கண்ட பென்டிரைவையும் செருகக் கூடாது என்ற விதி அதன்பின் பாடத்தில் சேர்ந்தது.

நிறுவனங்களும் சட்டமும்

ஷா ஆலமில் சியாஸ்ட், அட்டெக் ஆகிய இரு மனிதவள அமைச்சு நிறுவனங்கள் உள்ளன. சியாஸ்ட் 1980களில் ஜப்பானிய உதவியோடு, பயிற்றுநர்களை உருவாக்குவதற்காக அமைந்தது. கோலாலம்பூர் தொழிற்பயிற்சிக் கழகம் (ஐ.எல்.பி.) குச்சாய் லாமாவில் இருக்கிறது. 1991-இல் நிறுவப்பட்ட ஜெர்மன்-மலேசியக் கழகம் காஜாங், பாங்கி வட்டாரத்தில் இயங்குகிறது. கருவி நிறுவனங்களின் குறுகிய காலப் பயிற்சிகள் தனி. நல்ல மையங்களில் பயிற்சிப் பலகையின் பின்புறம் பயிற்றுநர் மறைத்து வைத்த சிறு சுவிட்சுகள் இருக்கும். ஒன்றைத் தட்டினால் ஒரு வயர் அறுந்ததாகிவிடும். பயிற்சி பெறுபவர் மீட்டரோடு தேடியாக வேண்டும். இந்தச் சுவிட்சுகள் உள்ள பலகையா என்று விசாரித்துவிட்டு ஆளை அனுப்புவது முதலாளிக்கு நல்லது.

செலவுக்கு வழி உண்டு. 1992ஆம் ஆண்டின் மனிதவள மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் தொடங்கிய நிதி, 2001ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் மனிதவள மேம்பாட்டுக் கழகமான பி.எஸ்.எம்.பி. வசமானது, இப்போது எச்.ஆர்.டி. கோர்ப் என்று அறியப்படுகிறது. சட்டத்துக்கு உட்பட்ட, 10 அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர் உள்ள முதலாளிகள் சம்பளத்தில் 1 விழுக்காட்டை லெவியாகக் கட்டி, பயிற்சிக் கட்டணத்தை அதிலிருந்து திரும்பப் பெறலாம். அதனால்தான் எந்த விளம்பரத்திலும் ‘கிளைமபிள்’ என்ற சொல் பெரிதாக நிற்கிறது. கட்டிய பணத்தைத் தீர்த்தாக வேண்டும் என்று ஆண்டுக் கடைசியில் யாரையாவது அனுப்பிவைக்கும் ஆலைகளுக்கு அதனால் பயன் குறைவு.

பி.எல்.சி. சான்றிதழ் மின்வேலைக்கான உரிமம் ஆகாது. 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறைகளின்படி வயர்மேன், சார்ஜ்மேன் தகுதிகளை எரிசக்தி ஆணையம் தனியாக வழங்குகிறது. பேனலுக்குள் 24 வோல்ட்டுக்குப் பக்கத்திலேயே 230, 400 வோல்ட் முனைகளும் இருப்பதால் இந்தப் பிரிவினை உயிர் காக்கும் பிரிவினை. பராமரிப்பு வேலைக்கும் பொருந்தும் 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்துக்கான திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தது. 1967ஆம் ஆண்டின் தொழிற்சாலை, எந்திரச் சட்டம் அதே நாளில் நீங்கியது.

மொழி ஒரு சுவராக நிற்கிறது. கருவியின் கையேடு ஆங்கிலத்தில், அரசுத் தரநிலை ஆவணங்கள் மலாயில், வேலை நேரப் பேச்சு தமிழிலும் மலாயிலும் கலந்து. படிவம் நிரப்பத் தயங்குவதாலேயே திறமையான பலர் சான்றிதழ்ப் பக்கம் போவதில்லை. அவர்களுக்காகவே உள்ள வழி பி.பி.டி. என்ற முன்னடைவு அங்கீகாரம். 2006ஆம் ஆண்டின் தேசியத் தொழில்திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் தொழில்திறன் மேம்பாட்டுத் துறை இதை நடத்துகிறது. வகுப்பில் உட்காராமலே, செய்த வேலைகளுக்கான சான்றுகளைக் கோப்பாகத் தொகுத்து மதிப்பீட்டாளரிடம் காட்டி எஸ்.கே.எம். என்ற மலேசியத் தொழில்திறன் சான்றிதழைப் பெறலாம். அனுபவம் நிறைந்த பராமரிப்பு ஆள் அக்கோப்பில் சேர்க்கத் தக்கவை பேனல் படங்கள், தான் எழுதிய பழுதுப் பதிவேட்டின் பக்கங்கள், தேதியிட்ட நிரல் பேக்கப்புகள், மேலாளரின் உறுதிக் கடிதம்.