நெடுநாள் பராமரிப்பும் அதன் செலவும்: கடலூர் மாவட்டம்

பிறர் துணையின்றி எழவோ உண்ணவோ முடியாதவர்களை ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொள்ளும் செலவை இம்மாவட்டத்தில் நெடுங்காலம் வீடுதான் சுமந்தது. வீட்டுக்கு வெளியே எழுந்த பெரிய ஏற்பாடு, சேத்தியாத்தோப்புக்கு வடக்கே வடலூரில் வள்ளலார் 1867 மே 23 அன்று பசித்தவருக்குச் சோறிடத் தொடங்கிய சத்திய தருமச்சாலை. பார்வதிபுரத்தார் தந்த 80 காணி நிலத்தில் அமைந்தது; அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. ஆனால் அந்தச் சோறு நடந்துவர முடிந்தவருக்கே கிடைத்தது.

அரசு 1962 ஏப்ரலில் உள்ளே வந்தது. ஆதரவற்ற முதியோருக்கு அன்றைய சென்னை மாநிலம் மாதம் 20 ரூபாய் கொடுத்தது. 1995 ஆகஸ்ட் 15 முதல் மத்திய அரசும் 75 ரூபாயுடன் சேர்ந்துகொண்டது. 2011-இல் தொகை 1,000 ரூபாய். 2023 ஆகஸ்டு முதல் 1,200. ஊரில் இந்த முதியோர் ஓய்வூதியத்தை 'ஓஏபி பணம்' என்பார்கள். சேத்தியாத்தோப்பில் ஒரு பாட்டி விண்ணப்பித்தால் கோப்பு புவனகிரி வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகும்.

1,200 என்றால் நாளுக்கு 40 ரூபாய். ரேஷன் அரிசி இலவசம் என்பதால் அது பாலுக்கும் மாத்திரைக்கும் ஆகும். படுத்த படுக்கையாய்க் கிடப்பவரைப் புரட்டிப் போடவும் குளிப்பாட்டவும் பீ மூத்திரம் அள்ளவும் ஆள் வைக்க ஆகாது. அதை மகளோ மருமகளோ செய்கிறாள். நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் நூறு நாள் வேலைக்கும் போகாமல் அவள் இழக்கும் கூலியே இங்கே பராமரிப்பின் உண்மையான மூலதனம். எந்த வரவு செலவுக் கணக்கிலும் அது ஏறியதில்லை.

பிள்ளைகளிடம் கேட்டுப் பெறச் சட்டம் உண்டு. 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவில் 2001 வரை உச்சவரம்பு மாதம் 500 ரூபாய். 2007-இல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் தன் உச்சவரம்பை மாதம் 10,000 ரூபாய் என வைத்து, கோட்டாட்சியரிடம் முறையிடவும் வழிசெய்தது. மகனே தினக்கூலியாக இருக்கும் வீட்டில் அந்த உத்தரவு காகிதமாகவே நிற்கும்.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' படுக்கையருகே செவிலியரையும் இயன்முறைப் பயிற்சியையும் கொண்டுவந்தது. பெரிய முன்னேற்றம்தான், ஆயினும் அவர்கள் வந்து போகிறவர்கள். ஜெர்மனி 1995 முதலும் ஜப்பான் 2000 முதலும் நெடுநாள் பராமரிப்புக்கெனக் கட்டாயக் காப்பீடு நடத்துகின்றன. ஜப்பானில் 40 வயதிலிருந்தே சந்தா. ஜெர்மனியில் வீட்டில் பார்க்கும் உறவினரின் ஓய்வூதியக் கணக்கிலும் காப்பீடு பணம் செலுத்துகிறது. தமிழ்நாட்டில் இதற்கு அருகில் வருவது, பெண்களின் ஊதியமில்லா உழைப்பை மதித்து 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை: மாதம் 1,000 ரூபாய். படுக்கையில் ஒருவர் கிடக்கும் வீட்டுக்கும் கிடக்காத வீட்டுக்கும் அதே தொகை.